மூன்றாம் நாள் உயிர்த்தெழும்

புன்னக்காயல்,
6 ஜூலை 2025

மரியாயே வாழ்க!

வருங்கால சிஸ்டரும் நிகழ்கால நவகன்னியும் என் ஒரே அக்காவுமான அஞ்சலினுக்கு, உன் தம்பி ஜெனிஸ்டன் எழுதுவது. நான் நலம். அப்பா நலம். அம்மா என்னைத் திட்டுற அளவுக்கு நலம். நீ எப்படி இருக்க? உனக்கு முன்னாடியே இந்தக் கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கிற மதர் பாக்கியவதி அவர்களும் நலந்தானே? மதர், பைய பிரிங்க, ஓரம் கிழியுது.

நீ போன மடத்துல போன் இல்லைன்னு நான் பேனா பிடிக்க வேண்டியதாப் போச்சு. தமிழய்யாவே என்னை இவ்வளவு எழுத வச்சதில்ல. நீ விக்கிரமசிங்கபுரத்துல ஆத்துக்குத் தலைமாட்டுல இருக்க, நாங்க கால்மாட்டுல. நீ துணி அலசுன சோப்பு நுரை இன்னும் இங்கன வந்து சேரல.

ஊர்ச் சேதி. போன வருஷம் நம்ம முகத்துவாரத்துல தென்முத்து ஆலைக்காரங்க அலையாத்திச் செடி நட்டாங்கல்லா? அலையை ஆத்துறதால அலையாத்தியாம். அம்மாவை ஆத்த ஒரு செடி கிடைக்குமான்னு அந்த ஆலையோட சுற்றுச்சூழல் அதிகாரி ஸ்ரீராகவ் சார்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு. ஆளு நல்ல ஆளுதான், செடிதான் நல்லா இல்ல. முக்காவாசி காஞ்சு குச்சியா நிக்குது. சுத்தி அடிச்ச சவுக்குக் கம்பு வேலியில மணல் சேர்ந்து, வள்ளம் போற வழி ஒடுங்கிப்போச்சு. தண்ணி வத்துற நேரத்துல வந்தா தரை தட்டுது.

மதருக்காக ஒரு விளக்கம்: எங்க ஊர்ல ஒரு வள்ளம் மணல்ல தட்டி நின்னா, அந்த வழியா வர்ற அடுத்த வள்ளத்துக்காரங்க கேக்காமலே தண்ணியில குதிச்சு தோள் குடுத்துத் தள்ளணும். முந்தின நாள் நம்ம மண்டையை உடைச்சவனுக்கும் தோள் உண்டு. பேச்சு கிடையாது, தோள் உண்டு.

இப்ப இந்தக் குச்சிக்காட்டுக்கு ஆலை விருது கேட்டிருக்காம். 'நிலையான வளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய தொழில் நிறுவனம்'னு. நிலையா நின்னா எப்படிக்கா வளரும்? நடுவர்கள் அடுத்த மாசம் பார்க்க வாராங்க. வேலியைப் பிடுங்கச் சொல்லி ஊர்க் கமிட்டி கேட்டதுக்கு, 'விருது முடியட்டும்'னுட்டாங்க.

அம்மா குடுத்த மாசிக் கருவாடு பொட்டலத்துல இருக்கு. மதருக்கும் குடு, கடிதம் சீக்கிரம் கைக்கு வரும்.

உன் குறும்புத் தம்பி,
ஜெனிஸ்டன்


விக்கிரமசிங்கபுரம்,
20 ஜூலை 2025

மரியாயே வாழ்க!

ஏலே எலிக்குஞ்சு,

நான் நல்லா இருக்கேன். மதர் உன் கடிதத்தைப் படிச்சிட்டு, ஓரத்தை அவங்களே பசை போட்டு ஒட்டிக் குடுத்தாங்க. கருவாட்டு வாசத்துல மடமே இரண்டு நாள் தியானத்தில் மனசு நிக்காம தவிச்சுது.

இங்கே காலையில் ஜெபம், அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு நான் பாடம் எடுக்கிறேன். எல்லாம் நூல் மில்லுக்குப் போறவங்க பிள்ளைகள். கட்டடம் பழைய ஓட்டுக் கட்டடம். மழை வந்தா பிள்ளைகளையும் பெஞ்சுகளையும் ஒழுகாத மூலைக்கு நகர்த்துவோம். அந்த மூலையும் தினம் மாறும்!

நடுவர்கள் வரும்போது நீ ஒரு சேட்டையும் பண்ணாதே. உன்னை எனக்குத் தெரியும், அதான் இப்பவே சொல்லுதேன். வள்ளத்துல நான் எழுதின பேரு அழியாம இருக்கா? உப்புத் தண்ணிக்கு அது போயிரும்னு அப்பா சொன்னாங்க.

அம்மா முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கிறாங்களா?

அன்புடன்,
அஞ்சலின்


புன்னக்காயல்,
10 ஆகஸ்ட் 2025

மரியாயே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் பேரும் நலம். 'ஞ்'சுக்கு நீ போட்ட மீன்வால் மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு. நீ சேட்டை பண்ணாதேன்னு எழுதுன கடிதம் வந்தப்போ நான் சேட்டைக்கு அட்டை வெட்டிக்கிட்டு இருந்தேன். பாதியில விட்டா அட்டை வீணாயிரும்லா?

நடுவர்கள் வர்ற அன்னைக்குக் காலையில, காஞ்ச குச்சி ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு கட்டிவிட்டேன். 'மூன்றாம் நாள் உயிர்த்தெழும்.'

மதர் மன்னிக்கணும். மேல படிங்க.

வெள்ளைத் தலையோட ஒரு அம்மாவும், கேமரா தொங்கவிட்ட ரெண்டு பேரும் வந்தாங்க. சீட்டைப் பார்த்ததும் ஸ்ரீராகவ் சார் முகம் சுட்ட நெத்திலி மாதிரி சுருங்கிருச்சு. அந்த அம்மா குனிஞ்சு வாசிச்சாங்க. 'இதை யார் எழுதினது?'ன்னு கேட்டாங்க. நான் வள்ளத்துக்குப் பின்னால பதுங்கிட்டேன். கரையில கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டு இருந்த அப்பா எழுந்து போனாரு. என்னைக் காட்டிக் குடுக்கப் போறாருன்னு நினைச்சேன்.

'நாந்தாம்மா எழுதுனேன். ஒரு நம்பிக்கைதான்.'

அந்த அம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சுக்கா! அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கேமராக்காரங்க அப்பாவை ஒரு குச்சி பக்கத்துல உக்கார வச்சு, எழுப்பி, திரும்ப உக்கார வச்சுப் படம் எடுத்தாங்க. அப்பா வாழ்க்கையில சொன்ன ஒரே பொய், அதுக்கே இவ்வளவு மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் முதுகு பழுக்கும்னு இருந்தேன். 'உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போயிருவானுவளோன்னு பயந்துட்டேன்லே'ன்னு மட்டும் சொன்னாரு. அடிச்சிருக்கலாம்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
ஜெனிஸ்டன்


விக்கிரமசிங்கபுரம்,
24 ஆகஸ்ட் 2025

மரியாயே வாழ்க!

ஏலே எலிக்குஞ்சு,

இங்கே எல்லாரும் சுகம். உன் முதுகுக்கு நான் கடன் வச்சிருக்கேன், வந்து தீர்க்கிறேன். வேதவாக்கை வச்சு விளையாடுவியா? ஆனா உண்மையைச் சொல்லணும்னா, நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். மதர் வாயைப் பொத்தவே இல்லை.

அப்பாவை நினைச்சாதான் மனசு ஒரு மாதிரி இருக்கு. அவர் சொன்னதை அந்த அம்மா எப்படி எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க? நீ போய் ஸ்ரீராகவ் சாரிடம் அது உன் வேலைன்னு சொல்லிரு. அவர் திட்டினா வாங்கிக்க.

எங்களுக்கு இங்கே மழை தொடங்கப் போவுது. ஜெபத்தில் உங்களை நினைக்கிறேன். அம்மாவிடம் எண்ணெயைப் பற்றித் திரும்பவும் கேட்டதாகச் சொல்.

அஞ்சலின்


புன்னக்காயல்,
21 செப்டம்பர் 2025

மரியாயே வாழ்க!

அன்புள்ள அக்கா, நலமா? நாங்க நலம்னு எழுத அம்மா சொன்னா. எழுதிட்டேன்.

நீ சொன்னபடி ஸ்ரீராகவ் சார்கிட்ட போய்ச் சொன்னேன். 'எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி'ன்னாரு. 'அதை வெளியே சொல்லிக்கிட்டு இருக்காதே'ன்னாரு. அவ்வளவுதான்.

விருது கிடைச்சிருச்சு. நவம்பர் எட்டாம் தேதி சென்னையில ஒரு பெரிய ஓட்டல்ல விழா. ஆலை வாசல்ல பேனர் வச்சிருக்கு. அப்பா குச்சியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு, கீழ என்னோட வசனம்! அப்பாவுக்குப் புதுப் பட்டமும் குடுத்திருக்காங்க, 'பயனாளி'ன்னு. பயந்தாளிதான் கேள்விப்பட்டிருக்கேன். அந்தப் பயனாளி மேடையில ஏறி, 'செடி வந்தப்புறம் மீன் பெருகிருச்சு, ஊரே சந்தோஷமா இருக்கு'ன்னு பேசணுமாம்.

விருந்துல இருந்து ஒரு 'ந்' எடுத்தா விருது. அந்த 'ந்'துதான் சோறுன்னு நினைக்கேன்.

தொம்மை மாமா அப்பாவைப் பார்க்க நம்ம வீட்டுக்கு வந்தாரு. ஊர்க் கமிட்டித் தலைவரா வந்ததால காப்பித் தண்ணிகூட குடிக்கல. 'மரிய அந்தோணி, ஊரே சந்தோஷம்னு நீரு மேடையில சொல்லிட்டீர்னா அப்புறம் அந்த வேலியை எவனாலயும் பிடுங்க முடியாதுவே. உங்க ஆளே சொல்லிட்டானேம்பான். சொல்லிட்டு வந்தீர்னா, உம்ம வள்ளம் தட்டுற அன்னைக்கு எங்க தோளைத் தேடாதேயும்.' அப்பா வலையைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

மறுநாள் ஸ்ரீராகவ் சார் வந்தாரு. அவரு காப்பி குடிச்சாரு. 'போக விருப்பம் இல்லன்னா விட்டுருங்க அண்ணாச்சி, கட்டாயம் இல்ல. உங்க பொண்ணு பாடம் எடுக்குற பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டுறதும் எங்க திட்டத்துல இருக்கு. விழா நல்லா நடந்தா அதெல்லாம் சுலபமா நடக்கும்'னாரு. மிரட்டவே இல்லக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அதுல இருந்துதான் அப்பா தூங்க மாட்டேங்காரு. 'இவன் சொல்லி நாம போகலைன்னா மடத்துல பிள்ளையை என்ன நினைப்பாவ'ன்னு அம்மாகிட்ட கேக்காரு.

கட்டடம் உண்மையா? நீங்க கேட்டீங்களா? உடனே பதில் போடு.

ஜெனிஸ்டன்


புன்னக்காயல்,
12 அக்டோபர் 2025

மரியாயே வாழ்க!

அக்கா, நலமா?

பதிலே இல்ல. மதர், நீங்க படிச்சிட்டு மேசையிலயே வச்சிட்டீங்களா? கருவாடு வேணும்னா இன்னும் அனுப்புதேன். கிண்டல் இல்ல மதர், நிஜமாவே.

அப்பா தினமும் தபால்காரர் வர்ற நேரத்துக்குக் கரையில இருந்து வீட்டுக்கு வந்துட்டுப் போறாரு.

ஜெனிஸ்டன்


விக்கிரமசிங்கபுரம்,
23 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பி ஜெனிஸ்டனுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். இறைவன் அருளால் நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

தாமதமான பதிலுக்கு மன்னிக்கவும். எங்கள் பள்ளிக்கு அந்த நிறுவனத்தின் கட்டடம் தேவையில்லை. ஆகவே எனக்காக அப்பா விருது விழாவுக்குச் செல்ல வேண்டாம். என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லவும்.

அனைவருக்கும் என் அன்பு.

கிறிஸ்துவில்,
அஞ்சலின்


புன்னக்காயல்,
2 நவம்பர் 2025

அக்கா,

இது யாரு எழுதுனது?

உன் கடிதம்னு அப்பாகிட்ட குடுத்தேன். அவரு படிக்கவே இல்ல, பார்த்தாரு. வெளிய போய் வள்ளத்துல நீ எழுதுன பேரைப் பார்த்துட்டு வந்தாரு. திரும்பக் கடிதத்தைப் பார்த்தாரு. 'இது அவ எழுத்து இல்லலே'ன்னாரு. எழுத்து மட்டுமா? எலிக்குஞ்சைக் காணோம். அம்மாவோட முட்டியைக் காணோம். 'இனிய நாமத்தில்'னு நீ எப்பக்கா எழுதியிருக்க?

மடத்துக்குப் போன் போட்டோம். 'அஞ்சலின் நல்லா இருக்கா, நவகன்னி வருஷத்துல போனுக்கு வரக் கூடாது'ன்னு ஒரு சிஸ்டர் சொல்லிட்டு வச்சிட்டாங்க. எந்த சிஸ்டருன்னும் சொல்லல.

அப்பா சொன்னாரு: 'நல்லா இருக்குற பிள்ளை தன் கையால எழுதும். வேற ஆளு உக்காந்து தேவையில்லை, தேவையில்லைன்னு எழுதுதான்னா அங்கன ஏதோ நடந்திருக்கு. நம்மால அவளுக்குச் சங்கடம் வரக் கூடாது. நான் மேடையில ஏறுதேன், கட்டடம் வந்துட்டுப் போகட்டும்.'

'வேண்டாம்னுதானே எழுதியிருக்கு'ன்னு நான் கத்துனேன். 'எழுதுனது யாருன்னு சொல்லு, அப்புறம் நம்புதேன்'னாரு.

ஏழாம் தேதி ரயில். என்னையும் கூட்டிட்டுப் போறாரு. அதுக்குள்ள உன் கையால ஒரு வரி. திட்டியாவது எழுது.

எலிக்குஞ்சு


விக்கிரமசிங்கபுரம்,
6 நவம்பர் 2025

ஏலே எலிக்குஞ்சு,

இது என் எழுத்துதான். இடது கை. கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்.

அக்டோபர் முதல் வாரம் பெரிய மழை. வகுப்புல ஓடு சரிஞ்சுது. கீழே இருந்த பிள்ளையை இழுத்தேன், கை மாட்டிக்கிட்டுது. வலது மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. பிளாஸ்டர் போட்டிருக்கு. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை.

உங்களிடம் சொல்ல வேண்டாம்னு நான்தான் மதரிடம் கெஞ்சினேன். அப்பா கேட்டா வள்ளத்தைப் போட்டுட்டு ஓடி வருவாரேன்னு. போன கடிதத்தை நான் சொல்லச் சொல்ல கூட இருக்கிற ஜாய்சி எழுதினா. மடத்து முறையில எழுதிட்டா. எழுத்தைப் பார்த்து அப்பா இப்படி நினைப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லை.

அதில் இருந்தது எல்லாம் நான் சொன்னதுதான். அப்பா போக வேண்டாம். நிஜமாவே வேண்டாம்.

அஞ்சலின்

(ஜெனிஸ்டனுக்கு: நாங்கள் அந்த ஆலையிடம் எதையும் கேட்கவில்லை. அவர்களாக வந்து இடத்தை அளந்துவிட்டுப் போனார்கள். விபத்தை உங்கள் வீட்டுக்குச் சொல்லாதது என் தவறும்தான். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். – பாக்கியவதி)


புன்னக்காயல்,
16 நவம்பர் 2025

மரியாயே வாழ்க!

அக்கா,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்துச்சு. நாங்க அன்னைக்குக் காலையிலதான் சென்னையில இருந்து வந்து இறங்குனோம்.

மேடை ரொம்பக் குளிரு. அப்பா, உன் புதுநன்மைப் பூசைக்கு எடுத்த அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாரு. ஸ்ரீராகவ் சார் குடுத்த தாளைப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசிச்சாரு. மீன் பெருகிருச்சு. ஊர் சந்தோஷமா இருக்கு. கடைசியில 'மூன்றாம் நாள் உயிர்த்தெழும்'னாரு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்க. நான் எழுதுன வசனத்துக்கு அவ்வளவு பேர் கை தட்டி நான் பார்த்ததே இல்ல. நான் மட்டும் தட்டல. கண்ணாடியில செஞ்ச ஒரு செடியை ஆலை முதலாளி கையிலயும், அதே மாதிரி சின்னதா ஒண்ணை அப்பா கையிலயும் குடுத்தாங்க.

விருந்தும் இருந்துச்சு. அப்பா சாப்பிடல.

கடிதத்தை நான்தான் அப்பாவுக்கு வாசிச்சேன். பாதியிலயே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டு, 'எந்தக் கைலே?'ன்னு கேட்டாரு. வலது கைன்னேன்.

விழா முடிஞ்சு முதல் தடவையா நேத்து கடலுக்குப் போனோம். திரும்பி வரும்போது தண்ணி வத்திருச்சு. வேலிக்குப் பக்கத்துல தட்டுனோம். நானும் அப்பாவும் இறங்கித் தள்ளுனோம். அசையல. தொம்மை மாமா வள்ளம் வந்துச்சு. பின்னாலயே இன்னும் நாலஞ்சு வள்ளம். எல்லாரும் அந்தப் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டே போனாங்க. அந்தப் பக்கம் பார்க்க ஒண்ணுமே இல்லக்கா, வெறும் கடல்.

தண்ணி ஏறுற வரைக்கும் வள்ளத்துலயே இருந்தோம். பெட்டியில ஐஸ் கரைஞ்சு மீன் போச்சு. 'அவங்க மேல தப்பு இல்லலே'ன்னாரு அப்பா.

சிரிக்க வைக்க ஏதாவது எழுதணும்னு உக்காந்தேன். வரல.

ஜெனிஸ்டன்


விக்கிரமசிங்கபுரம்,
24 நவம்பர் 2025

மரியாயே வாழ்க!

ஏலே,

கடிதம் படிச்சதும் பையை எடுத்துட்டேன். ஊருக்கு வந்து வள்ளத்துல தோள் வைக்கலாம்னு. 'போறதுன்னா போ, வெளிக்கதவைப் பூட்டலை'ன்னு மதர் சொன்னாங்க. அப்புறம் பையைத் தூக்கிப் பார்த்தேன். பையைத் தூக்கவே கை இல்லை, வள்ளத்தை எங்கே தள்ள? திரும்ப வச்சிட்டேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ.

மதர் ஆலைக்குக் கடிதம் போட்டுட்டாங்க, கட்டடம் வேண்டாம்னு. பிள்ளைகள் இப்போ கோயில் தாழ்வாரத்தில் படிக்கிறாங்க. ஓடு எப்போ மாறும்னு தெரியலை.

அப்பாகிட்ட இதை மட்டும் வாசி: அப்பா, எனக்காக மேடையில ஏறினீங்க. எனக்காக அந்த வேலியைப் பிடுங்குங்க.

அஞ்சலின்


புன்னக்காயல்,
14 டிசம்பர் 2025

மரியாயே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு, பிளாஸ்டர் எடுத்தாச்சா? கை மடங்குதா? அம்மா முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெயில பாதியை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கா. மீதிப் பாதியையும் அவ தேய்க்கப் போறதில்ல.

உன் கடிதத்தை வாசிச்சேன். மறுநாள் தண்ணி வத்துனதும் அப்பா கடப்பாரையை எடுத்துட்டு முகத்துவாரத்துக்குப் போனாரு. நானும் போனேன். அம்மா நைட்டிக்கு மேல துண்டைப் போட்டுக்கிட்டு வந்துட்டா. சவுக்குக் கம்பு நல்லா இறங்கியிருக்குக்கா, ஒண்ணைப் பிடுங்குறதுக்குள்ள இடுப்பு கழண்டுரும். கரையில ஊரே நின்னு பார்த்துச்சு. யாரும் இறங்கல.

ஸ்ரீராகவ் சார் பேண்டை மடிச்சு விட்டுக்கிட்டு சேத்துல வந்து நின்னாரு. 'அண்ணாச்சி, இது ஆலைச் சொத்து. நான் புகார் குடுத்தாகணும். என் வேலை போயிரும்'னாரு. பாவமாத்தான் இருந்துச்சு. அப்பா வள்ளத்துல இருந்து அந்தக் கண்ணாடிச் செடியை எடுத்து அவரு கையில குடுத்தாரு. 'கொண்டு போங்க சார். நீங்க வச்சதுல இது ஒண்ணுதான் காயல.'

புகார் குடுத்திருக்காங்க. அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கு. என்ன ஆவும்னு தெரியல. பேனர்ல அப்பா இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்காரு.

மூணாம் நாளும் பிடுங்கினோம். என் வசனம் இந்த ஒரு தடவையாவது பலிக்கும்னு கரையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் வரல.

நாலாம் நாள் தொம்மை மாமா வள்ளம் பக்கத்துல வந்து நின்னுச்சு. இறங்கல, பேசல, அப்பா முகத்தைப் பார்க்கவும் இல்ல. ஒரு கயித்தை எடுத்து வீசுனாரு. அப்பா அதைக் கம்புல கட்டுனாரு. மாமா எஞ்சினை முடுக்குனாரு. கம்பு பல்லு மாதிரி வந்துச்சு. அவிழ்த்து அடுத்ததுல கட்டுனாரு. வேலியில பாதி போச்சு. அப்புறம் கயித்தைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

லாசரும் கல்லறையில இருந்து நாலாம் நாள்தானே எழுந்தாரு மதர்? நான்தான் ஒரு நாள் தப்பா எழுதிட்டேன்.

தோள் இன்னும் கிடைக்கல அக்கா. கயிறுதான் கிடைச்சிருக்கு. நாளைக்கு நாங்க கடலுக்குப் போறோம், திரும்பி வரும்போது தண்ணி வத்துற நேரம்தான்.

கீழ கொஞ்சம் இடம் விடச் சொன்னாரு அப்பா. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காத.

எலிக்குஞ்சு

அஞ்சலின் நான் நலம். இது என் கை தான் எழுதுது. உன் கை எப்படிம்மா.
அப்பா